அவுஸ்திரேலியக் கரையில் பூர்வகுடி வழிகாட்டியுடன் நடக்கச் செல்லும் யாழ்ப்பாணத்தவருக்கு

பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்ப்பதற்காக அவுஸ்திரேலியாவுக்குச் செல்லும் யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் நாட்கள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் கழிகின்றன. ஒப்பேரா மாளிகை, துறைமுகப் பாலம், மேய்ஸ் ஹில் முருகன் கோயில், உறவினர் வீட்டு விருந்துகள் என்பவை முதல் இரண்டு வாரங்களில் முடிந்துவிடும். அதன் பிறகு எஞ்சுவது, பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும்வரை சாளரத்தருகே காத்திருப்பதுதான். அந்த நாட்களில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, அந்த நிலத்தின் பூர்வகுடியைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவருடன் கடற்கரையோரமாக நடந்துவருவதற்கு என்னென்ன ஆயத்தங்கள் வேண்டும், நடக்கும்போது எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, போகும் கரை யாருடையது என்பதாகும். 1788இல் ஆங்கிலேயர் குடியேறத் தொடங்கியபோது அக்கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. ஒவ்வொரு மொழியினருக்கும் தமக்கென எல்லை வகுத்த நிலமும், அந்நிலத்துக்குரிய கதைகளும், கட்டுப்பாடுகளும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. சிட்னி நகரின் நடுப்பகுதி காடிகல் மக்களுடையது. நம்மவர்கள் செறிந்து வாழும் வென்ட்வொர்த்வில், ரூங்காபி போன்ற மேற்குப் பகுதிகள் தாருக் மக்களின் நிலம். மெல்பேர்ணில் வுருண்ட்ஜெரி, புனுரோங் மக்களும், பேர்த்தில் வாஜக் நூங்கார் மக்களும், பிரிஸ்பேனுக்குக் கிழக்கேயுள்ள தீவுகளில் குவாண்டமூக்கா மக்களும் உரிமையுடையோர். எனவே "பழங்குடி நடை" என்று பொதுவாகத் தேடாமல், தங்கியிருக்கும் இடத்துக்குரிய மக்களின் பெயரைப் பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ கேட்டறிந்து, அந்தப் பெயரைக் கொண்டு தேடுவதே சரியான தொடக்கம். பேரப்பிள்ளைக்கு அது பெரும்பாலும் தெரிந்திருக்கும். அங்குள்ள பள்ளிக்கூடங்களில் ஒன்றுகூடல்கள் அந்த மக்களின் பெயரைச் சொல்லி மரியாதை செலுத்திய பின்னரே தொடங்குவது வழமையாகிவிட்டது.

இந்த நடையின் பெறுமதி முழுவதும், அழைத்துச் செல்பவர் அந்தக் கரைக்குரியவரா அல்லது அக்கரையைப் பற்றிப் பேசும் அனுமதியை அதற்குரியவர்களிடமிருந்து பெற்றவரா என்பதிலேயே தங்கியிருக்கிறது. மற்ற எல்லா விடயங்களிலும் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம். இதில் விட்டுக்கொடுத்தால், நடப்பது உடற்பயிற்சியாக மட்டும் முடியும். ஒரு கதையைச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் உரியதன்று என்பது அம்மக்களின் முறை. நன்கு படித்த ஒரு வெள்ளையர் அதே பாதையில் அதே செடிகளைக் காட்டி விளக்கக்கூடும். ஆனால் அவர் சொல்வது படித்தறிந்த செய்தியாக இருக்குமேயன்றி, பாட்டியிடமிருந்து பெற்ற பொறுப்பாக இராது. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் உரிமையாளர் யார், வழிகாட்டி எந்த மக்களைச் சேர்ந்தவர் என்பவை வெளிப்படையாக எழுதப்பட்டுள்ளனவா என்று பார்க்கவேண்டும். பூர்வகுடி உரிமையுடைய நிறுவனங்களைச் சரிபார்த்துப் பட்டியலிடும் சப்ளை நேஷன் என்ற அமைப்பின் அடையாளமும், மேற்கு அவுஸ்திரேலியாவில் வைற்ரொக் என்ற பூர்வகுடிச் சுற்றுலா மன்றத்தின் உறுப்புரிமையும் நல்ல சான்றுகள். இவை எதுவும் இல்லையென்றால் மின்னஞ்சலில் நேரடியாகக் கேட்பதில் தவறில்லை. உரியவர்கள் இந்தக் கேள்வியை மகிழ்ச்சியுடன் ஏற்பார்கள்.

சிட்னியில் இருப்பவருக்கு மிக எளிதானது பரங்கரூ நடை. பரமற்றாவிலிருந்து ஆற்றுவழியாக வரும் படகு பரங்கரூ இறங்குதுறையில் நிற்கும். 2024 ஆகஸ்ட் முதல் அங்கே மெட்ரோ நிலையமும் உண்டு. முன்னர் கொள்கலன் இறங்குதுறையாகக் கொங்கிறீற் பூசிக் கிடந்த இடத்தில், 75,000க்கும் மேற்பட்ட உள்நாட்டுச் செடிகளையும் மரங்களையும் நட்டு, மணற்கற் பாறைகளை நீர்விளிம்பில் அடுக்கி, 2015இல் அந்தப் பூங்காவைத் திறந்தார்கள். பாதை சமதளமானது, முழங்கால் நோவுள்ளவரும் சக்கரநாற்காலியில் வருபவரும் சிரமமின்றிச் செல்லலாம். பரங்கரூ என்பது ஒரு பெண்ணின் பெயர். கமெரேகல் மக்களைச் சேர்ந்த அவர் மீன்பிடிப்பதில் தேர்ந்தவர். பென்னலோங் என்பவரின் மனைவி. ஆங்கிலேயரின் உடையை அணிய மறுத்தவர். அந்தத் துறைமுகத்தில் பெண்கள்தாம் மரப்பட்டையால் செய்த சிறு வள்ளங்களில் அமர்ந்து, வள்ளத்தின் நடுவே களிமண் பரப்பி அதன்மேல் நெருப்பு மூட்டி, சிப்பி ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டிலால் மீன்பிடித்தார்கள். ஆண்கள் கரையிலும் பாறையிலும் நின்று பல முட்கள் கொண்ட ஈட்டியால் குத்தினார்கள். கடலுக்குப் போவது ஆண்களின் தொழில் என்றே கண்டு வளர்ந்த குருநகர், பாசையூர், மயிலிட்டிக்காரருக்கு இந்த ஒரு செய்தியே அரை மணி நேரக் கேள்விகளுக்குப் போதுமானது.

இன்னும் சற்றுத் தொலைவு போக முடிந்தவர்கள் பொட்டனி குடாவுக்குச் செல்லவேண்டும் என்பது என் பரிந்துரை. குடாவின் வடகரையில் லா பெரூஸ்; அங்கே பூர்வகுடிச் சமூகம் ஒன்று குடியேற்ற காலம் முழுவதும் தன் கரையை விட்டகலாமல் வாழ்ந்துவருகிறது. அங்குள்ள பெண்கள் சிறு சிப்பிகளை ஒட்டிச் செய்யும் கைவினைப் பொருட்கள் பெயர்பெற்றவை. தென்கரையிலுள்ள கேர்னெல்லில் 1770 ஏப்ரல் 29 அன்று ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் கரையிறங்கினார். அக்கரைக்குரிய குவீகல் மக்களைச் சேர்ந்த ஆண்கள் இருவர் ஈட்டியுடன் நின்று தடுத்தார்கள். குக்கின் தரப்பினர் துப்பாக்கியால் சுட்டார்கள். பின்னர் அங்கிருந்த குடில்களிலிருந்து சுமார் 40 ஈட்டிகளை எடுத்துச்சென்றார்கள். அவற்றில் நான்கு மட்டும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ட்ரினிட்டி கல்லூரியின் உடைமையாக எஞ்சியிருந்து, 2024இல் லா பெரூஸ் சமூகத்திடம் நிரந்தரமாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. இந்த வரலாற்றைப் புத்தகத்தில் வாசிப்பதற்கும், ஈட்டி பறிபோன மக்களின் வழித்தோன்றல் ஒருவர் அதே மணலில் நின்று சொல்லக் கேட்பதற்கும் இடையிலுள்ள தூரம் பெரியது. அதற்கும் தெற்கே, குரனல்லாவிலிருந்து சிறு படகில் ஏறிப் புண்டீனாவில் இறங்கினால், தாராவல் மக்கள் மணற்கல்லில் செதுக்கிய உருவங்கள் உள்ள ஜிப்பன் முனைக்கு நடந்துபோகலாம். முற்பகல் முதிர்ந்து வெயில் உச்சிக்கு ஏறினால் செதுக்குக் கோடுகள் கண்ணுக்குப் பிடிபடா. காலையின் சாய்ந்த ஒளியிலோ மாலையிலோ செல்வது நல்லது.

நியூ சவுத் வேல்ஸின் வடகரையில் வொரிமி மக்களின் ஸ்ரொக்ரன் மணற்குன்றுகள் 32 கிலோமீற்றர் நீளத்துக்கு விரிந்திருக்கின்றன. அம்மணலில் நான்கு சக்கர மோட்டார் வண்டியில் அழைத்துச் செல்லும் பயணங்கள் இளையோருக்கே பொருந்தும். குயீன்ஸ்லாந்தின் வடக்கே, மொஸ்மனுக்கு அருகிலுள்ள கூயா கடற்கரையில் குக்கு யலஞ்சி மக்கள் வற்றுக்காலத்தில் சேற்றுத்தரையிலும் கண்டற் காட்டிலும் அழைத்துச்சென்று, ஈட்டி எறியவும் நண்டு தேடவும் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தக் கரையில் உவர்நீர் முதலைகள் உண்டு. நவம்பர் முதல் மே வரை கொடிய நச்சு இழுதுமீன்களும் உண்டு. யாழ்ப்பாணப் பரவைக் கடலில் முழங்காலளவு நீரில் இறால் பிடித்த அனுபவத்தை நம்பி அங்கே தனியாக இறங்கக்கூடாது. பேர்த் பக்கம் போனால் வஜெமப் எனப்படும் ரொட்னெஸ்ட் தீவுக்குப் படகில் சென்று நூங்கார் வழிகாட்டியுடன் நடக்கலாம். வருடத்தை ஆறு பருவங்களாகப் பிரித்து எண்ணும் அம்மக்களின் அறிவும், 1838 முதல் அத்தீவு பூர்வகுடி ஆண்களை அடைத்த சிறையாக இருந்த கொடுமையும் ஒரே நடையில் சொல்லப்படும். தஸ்மேனியாவின் வுகலீனா நடை நான்கு நாள் கொண்டது. பலாவா மக்களே நடத்துகிறார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவின் புரூமுக்கு வடக்கேயுள்ள லருஜாரிப் பாதை 82 கிலோமீற்றர். இவ்விரண்டும் கூடாரமும் முதுகுப்பையும் பழகிய இளவயதினருக்கு உரியவை. எழுபது வயதுப் பெற்றோரை அங்கே அனுப்பும் பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை.

காலத்தைத் தேர்வதும் முக்கியம். அங்கே டிசம்பர் முதல் பெப்ரவரி வரை கோடை. யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவருக்கு அந்தச் சூடு பெரிதாகத் தோன்றாது என்றாலும், அங்குள்ள புறஊதாக் கதிர்வீச்சு மிகவும் கடுமையானது. கறுத்த தோலுக்கும் தொப்பியும் வெயிற்பூச்சும் தேவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான குளிர்காலத்தில் கடற்காற்று எலும்பு வரை புகும். ஸ்வெட்டருக்கு மேலே காற்றுப் புகாத மேலங்கி ஒன்றும் வேண்டும். ஆனால் மே முதல் நவம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கிழக்குக் கரையோரமாக வடக்கே போய்த் தெற்கே திரும்பும் காலமாதலால், நடையின் இடையே அவற்றின் நீர்த்தூவலைக் காணும் வாய்ப்புண்டு. மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரமும், ஜூலையின் முதல் ஞாயிறன்று தொடங்கும், பூர்வகுடிகளின் பண்பாட்டைப் போற்றும் நெய்டொக் வாரமும் கொண்டாடப்படும். அந்நாட்களில் நகரசபைகளும் பூங்காக்களும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ நடைகளை ஒழுங்குசெய்வதுண்டு. ஜனவரி 26 அங்கே தேசிய விடுமுறை; 1788இல் ஆங்கிலேயக் கொடி ஏற்றப்பட்ட நாள். பூர்வகுடிகளில் பலருக்கு அது துக்கநாள். அன்று கொண்டாட்ட மனநிலையுடன் அவர்களிடம் போய் "நல்வாழ்த்துகள்" என்று சொல்லிவிடாதபடி பிள்ளைகள் முன்கூட்டியே பெற்றோருக்கு அறிவுறுத்தவேண்டும்.

பதிவு செய்யும்போது நான்கு செய்திகளைத் தெரிவித்துவிட்டால் பிறகு சங்கடம் இராது: வருபவர்களின் வயது, நடக்கக்கூடிய தூரம், உணவுக் கட்டுப்பாடு, ஆங்கிலத்தில் எவ்வளவு பழக்கம் என்பவை. நகரத்து நடைகள் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடியும்; எனினும் இடையில் கழிப்பறை உண்டா என்று கேட்பது நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குக் கட்டாயம். சில நடைகளில் காட்டுச் செடிகளைச் சுவைக்கத் தருவார்கள். சிலவற்றில் சிப்பியோ நண்டோ மீனோ சமைத்துத் தருவார்கள். சைவர்களும், நல்லூர்க் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை மச்சம் தொடாதவர்களும் அதை முன்னரே எழுதிவிடவேண்டும். தந்ததை அந்த இடத்தில் முகஞ்சுளித்து மறுப்பது விருந்தோம்பலை அவமதிப்பதாகும். முன்பே சொன்னால் அவர்களே வேறொன்று வைத்திருப்பார்கள். காலுக்குச் செருப்பு போதாது. ஈரப்பாறையில் வழுக்காத, விரல் மூடிய சப்பாத்து வேண்டும். சேலை கட்டியே தீரவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் அம்மாக்களுக்கு, கடற்காற்றில் முந்தானை என்ன பாடுபடும் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். வழிகாட்டி ஆங்கிலத்தில் பேசுவார். இடையிடையே தம் மொழிச் சொற்களைச் சொல்லித் தருவார். பெற்றோருக்காக மொழிபெயர்க்கும் பிள்ளை, வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று குசுகுசுத்தால், மற்றவர்களுக்கும் இடையூறு, சொல்பவருக்கும் அவமதிப்பு. தொடங்குவதற்கு முன் வழிகாட்டியிடம் சென்று, "அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு, நீங்கள் ஒரு பகுதியைச் சொல்லி முடித்ததும் நான் தமிழில் சொல்லலாமா" என்று கேட்டுக்கொள்ளவேண்டும். பெரும்பாலானோர் சம்மதிப்பதோடு, இடைவெளி விட்டும் பேசுவார்கள். மொழிபெயர்ப்பைப் பேரப்பிள்ளையிடம் ஒப்படைப்பது இன்னும் நல்லது. பிள்ளைக்குத் தமிழ்ப் பயிற்சியாகும் என்பது ஒருபுறமிருக்க, தன் தாய்மொழியில் பேசத் திணறும் ஒரு பதின்ம வயதுப் பிள்ளை, தடைசெய்யப்பட்ட மொழியைத் திரும்பக் கற்றுக்கொண்ட ஒரு வழிகாட்டியின் முன்னால் நின்று திணறும்போது, இருவருக்கும் இடையே பேச்சு தானாகப் பிறக்கும்.

புறப்படுவதற்கு முன் யாழ்ப்பாணத்திலேயே செய்யக்கூடிய ஆயத்தம் ஒன்று உண்டு. அதை எவரும் செய்வதில்லை என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன். காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கோ வேலணைச் சாட்டிக்கோ ஒரு மாலை சென்று, கரையில் நிற்கும் செடிகொடிகளின் பெயர்களை வயதானவர்களிடம் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். ஏனெனில் அவற்றிற் சில, அல்லது அவற்றின் உறவினங்கள், அவுஸ்திரேலியக் கரையிலும் நிற்கின்றன. கசூரினாக் கடற்கரைக்குப் பெயர் கொடுத்த சவுக்குமரம் அந்நாட்டின் வடக்கு, கிழக்குக் கரைகளுக்கு இயல்பாகவே உரியது. மணலில் படரும் அடம்பன் கொடி குயீன்ஸ்லாந்துக் கரையிலும் அதே ஊதாப் பூவுடன் படர்கிறது. அதன் இலையை நெருப்பில் வாட்டி, திருக்கை முள்ளோ நச்சு மீனோ குத்திய இடத்தில் வைத்துக் கட்டுவது அங்குள்ள மக்களின் மருத்துவம். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நாம் சொல்லும் பழமொழியை வழிகாட்டிக்கு எடுத்துச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது. பரவைக் கடலோரத்துக் கண்டல்களில் ஒன்றான வெண்கண்டல் சிட்னியின் சேற்றுக் கரைகளிலும் அதே இனமாக வளர்கிறது. அதன் மரத்தால் அங்கே கேடயம் செய்தார்கள். இராவணன் மீசை எனப்படும் மணற்புல்லுக்கும் தாழைக்கும் அங்கே நெருங்கிய உறவினங்கள் உண்டு. தாழையோலையில் பாய் பின்னியதைக் கண்டவர்கள், லொமாண்ட்ரா என்ற நீள் இலைப் புல்லைக் கீறி ஊறவைத்துக் கூடை பின்னும் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தால், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது. இந்த ஆயத்தம் செய்தவருக்கு, வழிகாட்டி ஒரு செடியைக் காட்டி அதன் பயனைச் சொன்னதும், தம் ஊரில் அது எதற்குப் பயன்பட்டது என்று திருப்பிச் சொல்ல ஏதோ ஒன்று கையில் இருக்கும். அந்த நொடியிலிருந்து அவர் சுற்றுலாப் பயணியாக நடத்தப்படமாட்டார்.

ஆனால் முதலில் கேட்கவேண்டும், பிறகுதான் சொல்லவேண்டும். நடை ஒரு வரவேற்புடன் தொடங்கும். அந்நிலத்துக்குரியவர் தம் மொழியில் பேசி வரவேற்பார். சில இடங்களில் பச்சை இலைகளை நெருப்பிலிட்டுப் புகையெழுப்பி, அதனூடாக நடந்துவரச் சொல்வார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் விலகி நிற்கலாம். அதற்காக எவரும் குறைநினைக்கமாட்டார்கள். அப்போது கைபேசியைப் பைக்குள் வைத்திருப்பதும், தொப்பியைக் கழற்றுவதும் மரியாதை. மூத்தவர்களை அன்ரி, அங்கிள் என்று அழைக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. ஆயினும் அது சமூகம் அளித்த மதிப்புப் பெயர். அவர்கள் தம்மை அவ்வாறு அறிமுகப்படுத்திக்கொண்ட பிறகே நாமும் அழைக்கலாம்.

கரையோரத்தில் வழிகாட்டி நிச்சயமாக நின்று காட்டும் ஓரிடம் சிப்பி மேடு. தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் அமர்ந்து மட்டியும் சிப்பியும் சுட்டுத் தின்றவர்கள் விட்டுச்சென்ற ஓடுகளும், மீன்முள்ளும், அடுப்புக் கரியும் படை படையாகச் சேர்ந்து உருவானவை அவை. ஓடுகளின் வகை மாறும் வரிசையைக் கொண்டு, எந்தக் காலத்தில் எந்தச் சிப்பி அருகியது, எப்போது கடல் ஏறியது என்பதையெல்லாம் அறிந்துகொள்கிறார்கள். கடந்த பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. சிட்னித் துறைமுகம் என்பது பிறகு ஏறிய கடல் நிரப்பிய ஆற்றுப் பள்ளத்தாக்கே. நிலம் மூழ்கிய அந்தக் காலத்தைப் பற்றிய கதைகளை அக்கண்டத்தின் பல கரைகளிலும் இன்றும் சொல்கிறார்கள். பாக்குநீரிணையும் அதே கடலேற்றத்தில் மூழ்கிய நிலம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சிப்பி மேட்டின்மேல் ஏறி நிற்கலாகாது; ஒரே ஓர் ஓட்டைக்கூட எடுத்துப் பையில் போடுவது சட்டப்படி குற்றம்.

செடிகளைச் சுவைப்பதிலும் வழிகாட்டி கையில் தந்ததைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கலாகாது. வரிகல் கீரை எனப்படும் கடற்கரைக் கீரையை வெந்நீரில் வாட்டி, அந்நீரைக் கொட்டிய பிறகே உண்ணவேண்டும். சைக்காஸ் இனத்துக் கொட்டைகளைப் பல நாள் நீரில் ஊறவைத்து நஞ்சு நீக்கியே அம்மக்கள் உண்டார்கள். அந்த முறை தெரியாமல் தின்ற குக்கின் ஆட்கள் நோயில் விழுந்தார்கள்.

கேள்வி கேட்பதில் நம்மவருக்கு இயல்பான திறமை உண்டு. "எந்த ஊர், ஆரின்ர பிள்ளை" என்று தொடங்கும் நமது விசாரணையை இங்கே தயங்காமல் பயன்படுத்தலாம். எந்த மக்களைச் சேர்ந்தவர், எந்தக் குடும்பத்தினர், பாட்டியின் நிலம் எது என்பவை அம்மக்களும் ஒருவரையொருவர் சந்தித்ததும் கேட்டுக்கொள்ளும் கேள்விகளே. ஆனால் அதோடு தொடர்ந்து வரும் நமது இன்னொரு பழக்கத்தை வீட்டிலேயே வைத்துவிடவேண்டும். "இவர் வெள்ளையாக இருக்கிறாரே, முழுப் பூர்வகுடியா, அரைவாசியா" என்ற கேள்வியைத் தமிழில் மெதுவாகக்கூடக் கேட்கலாகாது. தோலின் நிறத்தைக் கொண்டு பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தெடுத்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்த அரசாங்கக் கொள்கை 1970ஆம் ஆண்டளவு வரை நடைமுறையில் இருந்தது. அதற்காக நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2008 பெப்ரவரி 13 அன்றுதான். எதிரே நிற்பவரின் தாயே அவ்வாறு பறிக்கப்பட்ட பிள்ளையாக இருக்கக்கூடும்.

ஆண்களுக்கு மட்டும் உரிய அறிவும் பெண்களுக்கு மட்டும் உரிய அறிவும் அவர்களிடையே தனித்தனியே உள்ளன. ஓரிடத்தைக் காட்டி, "இதைப் பற்றி நான் பேசமுடியாது" என்று வழிகாட்டி சொன்னால், காரணத்தைத் துருவாமல் அடுத்த இடத்துக்கு நகரவேண்டும். இறந்தவர்களின் பெயரையும் படத்தையும் தவிர்க்கும் வழக்கம் பல சமூகங்களில் உண்டு. படம் எடுக்கும்முன் ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டும். எடுத்ததை முகநூலில் போடலாமா என்பது வேறொரு கேள்வி, அதையும் தனியே கேட்கவேண்டும். டிட்ஜரிடூ என்ற நீண்ட ஊதுகுழலின் வாசிப்பையும் புள்ளி ஓவியத்தையும் எதிர்பார்த்து வருபவர்கள் கிழக்குக் கரையில் ஏமாறுவார்கள். முன்னது வடபகுதி மக்களுக்குரிய கருவி; பின்னதாக இன்று உலகறிந்த ஓவியமுறை நடுப்பாலைவனத்தின் பப்புன்யாவில் 1971 அளவில் தோன்றியது. இவற்றைச் செய்துகாட்டும்படி கரையோர வழிகாட்டியிடம் கேட்பது பொருந்தாது.

நிலம் பறிபோன வரலாறு பேச்சில் வந்தே தீரும். அக்கண்டம் எவருக்கும் உரிமையற்ற வெற்று நிலமாக இருந்தது என்ற சட்டப் புனைவை உயர் நீதிமன்றம் தள்ளிய மாபோ தீர்ப்பு 1992 ஜூன் 3 அன்றே வந்தது. அதைக் கேட்கும்போது யாழ்ப்பாணத்தவர் வாயில் "எங்களுக்கும் இப்படித்தான்" என்ற சொற்கள் தாமாக வந்துநிற்கும். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடி, 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்ட பிறகே தம் கரையை மீளக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. எனினும் அந்த வாக்கியத்தை அடக்கிக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். ஒருவர் தம் வீட்டுத் துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நமது துக்கத்தை எடுத்து முன்னே வைத்தால், அவர் நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவராகிவிடுவார். மேலும், இங்கே நிலத்தை இழந்த நாம் அங்கே, நிலத்தை எடுத்துக்கொண்ட அரசின் அனுமதியுடன் குடியேறி, தாருக் மக்களின் நிலத்தில் வீடு வாங்கியிருக்கிறோம். இரண்டும் ஒருங்கே உண்மை. நடை முடிந்து தேநீர் அருந்தும்போது, "நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்" என்று அவர்களே கேட்பார்கள். அப்போது மயிலிட்டியைப் பற்றி, பரவைக் கடலில் நிறுத்திய களங்கண்டியைப் பற்றி, சோழகக் காற்றுக்கும் வாடைக்கும் மாறும் மீன்வரத்தைப் பற்றிச் சொல்லலாம். அவர்களும் கல்லடுக்கிக் கட்டிய மீன்பொறிகளைப் பற்றியும், எந்தப் பூ மலர்ந்தால் எந்த மீன் கரைக்கு வரும் என்பதைப் பற்றியும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், முழு நடையிலும் மிகப் பயனுள்ள பேச்சு இந்தத் தேநீர் நேரத்தில்தான் நடக்கிறது. ஆகவே திரும்பும் படகின் நேரத்தைப் பார்த்து அவசரப்படாதபடி முன்னேற்பாட்டுடன் வருவது நல்லது.

ஊருக்குக் கொண்டுவர ஏதாவது வாங்க விரும்புபவர்கள் விமான நிலையக் கடைகளில் விற்கும் பூமராங்குகளை நம்பவேண்டாம். அவற்றிற் பல வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் பூர்வகுடிகளின் கைபடாமலே செய்யப்பட்டவை. நடையை நடத்துபவர்களிடமே கூடையோ சிப்பி வேலைப்பாடோ ஓவியமோ விலைக்கு இருக்கும். செய்தவரின் பெயரும் அவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்பதும் எழுதிய துண்டை உடன் கேட்டு வாங்கவேண்டும். விலை பேசிக் குறைக்கும் வழக்கம் அங்கே இல்லை. பவளத்துண்டு, பெருஞ்சிப்பி முதலியவற்றை அனுமதியின்றிப் பெட்டியில் வைத்தால் இரு நாட்டுச் சுங்கத்திலும் சிக்கல் வரும்.

வழிகாட்டி காட்டிய பாறைச் செதுக்கல்களோ மேடுகளோ இருக்கும் சரியான இடத்தைப் படத்துடன் சமூக வலைத்தளங்களில் பதியக்கூடாது. பெயர் கீறுபவர்களும் கல் பெயர்ப்பவர்களும் அதைக்கொண்டே வந்துசேர்கிறார்கள். அடுத்த மாதம் கனடாவிலிருந்து வரும் மைத்துனருக்கும் அவற்றைக் காட்ட விரும்பினால், பாதை தெரிந்துவிட்டது என்று தாமே அழைத்துச் செல்லாமல், அதே வழிகாட்டியிடம் மீண்டும் பதிவுசெய்து கட்டணம் செலுத்திப் போகவேண்டும்.